மேல் வரிசைப் புள்ளிகள்

இன்று என் வாயால் ஒரு நல்ல வியாபாரம் கெட்டுப்போனது.

பாடசாலை விட்டதும் எங்கள் வீட்டு ரேடியோவை எடுக்க, கண்டி டவுனில் ரேடியோ திருத்தும் நானாவின் கடைக்குப் போனேன். அவர் ஒரு மாதமாகத் திருத்திய பழைய ரெக்கோட் பிளேயரை வாங்க, கடுகண்ணாவையிலிருந்து ஒரு அங்கிள் வந்திருந்தார். போட்டுப் பார்க்க ஓர் இசைத்தட்டைத் தலையணை உறையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

நானா சுவிட்சைப் போட்டார். கனமான அலுமினியத் தட்டு சத்தமில்லாமல் சுழன்றது. அதன் விளிம்பில் வரிசை வரிசையாகப் புள்ளிகள், பக்கத்தில் குட்டிச் சிவப்பு விளக்கு. அந்த வெளிச்சத்தில் புள்ளிகள் அசையாமல் தெரிந்தால் வேகம் சரி என்று நூலகப் புத்தகத்தில் படித்திருந்தேன். சும்மா இருக்க முடியவில்லை.

"அங்கிள், புள்ளியெல்லாம் ஓடுது பாருங்க. ஸ்பீட் பிழை."

அவர் குனிந்து பார்த்தார். "அட, பிள்ளை சொல்றது சரிதானே. அப்ப வேணாம் நானா." இசைத்தட்டை உறையிலிருந்து எடுக்காமலே போய்விட்டார்.

நானா திட்டவில்லை. அதுதான் இன்னும் சுடுகிறது.

"மகள், நீங்க பார்த்தது மேல் வரிசை. இந்த லைட் கரண்டோட சேர்ந்து மினுங்குற லைட். மேல் வரிசை அறுபது சைக்கிள் கரண்ட் உள்ள நாட்டுக்கு. நம்மட கரண்ட் அம்பது. கீழ் வரிசையப் பாருங்க."

கீழ் வரிசை ஆணி அடித்தது போல நின்றது.

தெருவுக்கு ஓடினேன். அங்கிள் ஏறிய பஸ் போய்விட்டது.

இனி உங்கள் கடையில் வாயே திறக்கமாட்டேன் என்று நானாவிடம் சொன்னேன். "இன்ஷா அல்லாஹ்" என்றார், நம்பிக்கையே இல்லாத குரலில்.

இதை வாசிக்கும் கடுகண்ணாவைக்காரர்களே, இன்று பிளேயர் வாங்காமல் வீடு திரும்பிய அந்த அங்கிளை யாருக்காவது தெரியுமா? மெஷினில் ஒரு பிழையும் இல்லை என்று சொல்லுங்கள். அரைப் பக்கம் படித்த பிள்ளையைப் பற்றி நீங்கள் விரும்பியதைச் சொல்லலாம்.