சத்தம் கம்மியான டிரில்

சமையலறை அலமாரி பலகை பலகையாகப் பெட்டியில் வந்தது. "ஆள் வேணாங்க, நானே மாட்டிடறேன்" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, செங்கம் சாலைக் கடையில் டிரில் கேட்டேன்.

"சத்தம் கம்மியா குடுங்க, குழந்தை தூங்குவா."

"அந்தச் சின்ன டிரில் பலகைக்குத்தாம்மா. தாலாட்டு பாடினா சுவரு வழிவிடுமா? இடிச்சுத் துளைக்கிற ஹேமர் டிரில் எடுத்துக்கங்க" என்றார் கடைக்காரர்.

நான் சின்னதையே வாங்கினேன்.

எங்கள் சுவர் கான்கிரீட். துளை அரை விரல் ஆழம்கூட இறங்கவில்லை. அதிலேயே திருகாணிகளை முறுக்கி அலமாரியை மாட்டினேன். மறுநாள் காலை அது ஒரு பக்கம் சரிந்து தொங்கியது. நேர் கீழே மகள் டம்ளர் உருட்டிக்கொண்டிருந்தாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். கழற்றி இறக்கிய அலமாரி இப்போது தரையில் இருக்கிறது. சரியான டிரில்லே வாங்கினாலும், நான் மாட்டியதன் கீழே அவளை இனி உட்காரவைக்க என்னால் முடியாது.