வெளியே வந்ததும் ஒரு போன்

“கண்ண மூடிக்கோடா செல்லம்” என்று திரையிடம் சொல்லிவிட்டுத்தான் அம்மா கட்டளையை அனுப்புவாள். செல்லம் என்பது பதினோரு வயதான விண்கலம். பூமியைச் சுற்றி மின்னேற்றத் துகள்கள் சிக்கிச் சுழலும் வளையம் இருக்கிறது. அதற்குள் நுழையும்முன் கேமராவை அணைக்காவிட்டால் துகள்கள் தாக்கிக் குருடாகிவிடும். வெளியே வந்ததும் திறக்க வேண்டும். அம்மாவின் வேலை அது.

“அக்கா, அப்படியே ஒரு தாலாட்டும் பாடிடுங்க” என்பார் பக்கத்து இருக்கைக்காரர்.

“உன் குறட்டையே போதும்ப்பா.”

விண்கலம் உள்ளே இருக்கும்வரை பேனா மூடியைக் கடிப்பாள். அவள் மேசையில் பல் பதியாத பேனா கிடையாது. வெளியே வந்ததும் அப்பாவுக்குப் போன். “வெளிய வந்துடுச்சு. சாப்பிடுங்க.” அப்பா தையல்காரர். விண்வெளி பற்றி ஒன்றும் தெரியாது. “புள்ள உள்ள மாட்டிக்கிட்டு இருக்கு, எனக்கு எப்படி இறங்கும்?” என்பார்.

ஒருநாள் நான் அவர் கடைக்குப் போனபோது, தையல் மெஷின்மேல் சாய்ந்தபடியே அவர் இறந்திருந்தார். சாப்பாட்டு டப்பா திறக்கப்படவில்லை. கடையிலிருந்து அம்மாவை அழைத்தேன்.

“அம்மா…”

“உள்ள இருக்கு. வெளிய வரட்டும், இரு.”

பிறகு அவளே அழைத்தாள். “உன் குரல்லயே தெரிஞ்சுபோச்சு. மூடினவ நான்தானே தெறக்கணும்?” உறவினர்கள் கல்நெஞ்சு என்றார்கள்.

நான் அதே கட்டடத்தில் பேட்டரிப் பிரிவு. எங்கள் இரண்டு அறைகளுக்கும் நடுவே கண்ணாடிச் சுவர். அப்பா போனபின், விண்கலம் வெளியே வந்தாலும் அம்மா யாரையும் அழைப்பதில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறாள்.

போன வாரம் சூரியப் புயல். வளையம் வீங்கிவிட்டது. சில சுற்றுகள் கேமராவைத் திறக்கவே முடியவில்லை. அதைப் பற்றிப் பேச நான் அவள் அறைக்குப் போயிருந்தபோது மேலாளர் வந்தார். “கெழடும்மா அது. இனி எழுந்திருக்காது. இத்தோட விட்டுடலாம்.”

“புயல்தான் அடங்கிடுச்சே, ஒரு தடவ கூப்பிட்டுப் பாத்துடறேன் சார்.”

என் இடத்துக்குத் திரும்பிக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டளை போனது. பதில் இல்லை. மறுபடி அனுப்பினாள். பேனா மூடி இரண்டாக உடைந்தது. அப்புறம் திரையில் ஒரு படம்: எங்கும் துகள்கள் தாக்கிய வெள்ளைப் புள்ளிகள், நடுவே பூமியின் விளிம்பு.

அம்மா போனை நிமிர்த்தினாள். பழகிய எண்ணுக்குப் போன விரல் அங்கேயே நின்றது. பிறகு என் சட்டைப்பையில் மணி அடித்தது.

“வெளிய வந்துடுச்சு” என்றாள். கண்ணாடிப் பக்கம் திரும்பி, ஐந்து விரல்களையும் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டினாள்.