மல்வேர்ன் பஸ்ஸில் சிரித்தவள்

பல்கலைக்கழகம் போகும் மல்வேர்ன் பஸ்ஸில் தினமும் ஒருத்தி எனக்கு முன்னால் இருப்பாள். கலைந்த கொண்டை, அதில் செருகிய பென்சில், மடியில் தடித்த வரலாற்றுப் புத்தகம். வாசித்தபடியே தனியாகச் சிரிப்பாள். என் உயிரியல் புத்தகம் ஒருநாளும் என்னைச் சிரிக்க வைத்ததில்லை. எரிச்சலாக வரும்.

இங்கே எந்தப் பட்டம் படித்தவரும் மெடிசினுக்கு விண்ணப்பிக்கலாம். அவளும் என்னைப்போல மெடிசினுக்குத்தான் விண்ணப்பிக்கிறாள் என்று தெரிந்த அன்று, பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ஹிஸ்ட்ரி படிச்சிட்டு, மெடிசின் கிடைக்காட்டி என்ன செய்வீர்?"

"கிடைக்காட்டி என்ன? நாலு வருசமும் எனக்குப் பிடிச்சதைத்தானே படிச்சனான். உமக்கு பயோலஜி விருப்பமோ?"

அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை; நானும் கேட்டுக்கொண்டதில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

எனக்கு மெடிசின் கிடைத்துவிட்டது. அவளுக்குக் கிடைத்ததோ தெரியாது. கிடைக்காமல் இன்னும் ஏதோவொரு பஸ்ஸில் சிரித்துக்கொண்டிருந்தாலும், வயிறு எரிவது எனக்குத்தான்.