நான் வைத்த கருப்பன்

வெள்ளை நுரை ஆற்றில் என்னை முந்திக்கொண்டு, பூ வாசனை வீசிக்கொண்டு, சேத்தூர்ப் பக்கமாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது, நானும் இறங்கிக்கொண்டிருந்தேன். மேலே கசத்தில் ஆடிக் கூட்டம் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தை அங்கே இழுத்த சாமியை ஒன்பது வயதில் வைத்தவன் நான்தான்.

கோடையில் எங்கள் ஆறு அறுந்துபோய், பாறைகளுக்கு இடையில் ஆழமான பள்ளங்களில் மட்டும் தண்ணீர் நிற்கும். அதைத்தான் ‘கசம்’ என்போம். அதில் விரல் நீளத்தில் ஒரு மீன் உண்டு. வாயால் பாறையைக் கவ்விப் பிடித்துப் பாசியைச் சுரண்டித் தின்பதால் அதற்குக் ‘கல்லொட்டி’ என்று பெயர். காலை விட்டு உட்கார்ந்தால் குதிகாலையும் சுரண்டும். அப்பா மாந்தோப்புக் காவலுக்கும் அம்மா விறகுக்கும் போய்விட, பள்ளிக்கூடம் போன நாட்களைவிட நான் கசத்துக்குப் போன நாட்களே அதிகம். பசித்தால் அந்த மீனையே பிடித்துச் சுட்டுத் தின்றிருக்கிறேன், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பசிக்கு நாலு மீன் பிடிப்பது வேறு, கசத்தையே கொல்வது வேறு.

அந்தச் சித்திரையில் என் சித்தப்பா கூட்டாளிகளோடு வந்து கீழ்க்கசத்தில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார். சற்று நேரத்தில் எல்லா மீனும் மல்லாந்தன. பெரிய கெண்டைகளைப் பொறுக்கிக்கொண்டு, கல்லொட்டிகளை ‘பொடி’ என்று பாறையிலேயே காயவிட்டுப் போனார்கள். மறுநாள் மேல்கசம் என்று பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

சித்தப்பா யாருக்கும் பயப்பட மாட்டார், சாமியைத் தவிர. பொங்கலுக்கு வாங்கிய காவியும் சுண்ணாம்பும் வீட்டில் மிச்சம் இருந்தன. விடிந்ததும் எடுத்துக்கொண்டு ஓடி, மேல்கசத்துத் தலைப்பாறையில் வெள்ளையும் காவியுமாகப் பட்டை அடித்து, அம்மாவின் கிழிந்த சேலையில் ஒரு துண்டைச் சுற்றி, நாலு அரளிப்பூவையும் வைத்தேன்.

சித்தப்பா பையோடு வந்தார். பாறையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்.

“ஏலே, இது யாரு?”

“கருப்பன். மீனு அம்புட்டும் அவரு மீனு.”

“எப்பம்லே வந்தாரு?”

“நீங்க பொறக்கும் முன்னயே.”

என் கையை ஒரு பார்வை பார்த்தார். பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். அதன் பிறகு அந்தக் கசத்தில் யாரும் மருந்து போடவில்லை.

பதினான்கு வயதில் ஊரை விட்டேன். திருப்பூரில் சாயப்பட்டறை, கேரளத்தில் ரப்பர் தோட்டம், ஆலங்குளத்தில் கல் உடைப்பு என்று எங்கேயும் இரண்டு வருஷம் தாண்டியதில்லை. இந்த ஆடியில் ஏறிப் போனால், பாறைக்கு டைல்ஸ் ஒட்டி, கம்பிக் கதவு போட்டு, மணி கட்டியிருக்கிறார்கள். கசத்துக் கருப்பனாம். பூசாரி என் சித்தப்பா. கம்பிக் கதவில் ஷாம்புச் சரம் தொங்குகிறது, வியாபாரமும் அவரே. குனிந்து பார்த்தேன், கசம் முழுக்க எண்ணெய்ப் படலம், ஒரு கல்லொட்டிகூட இல்லை. ஆள் ஏற முடியாத அருவிப் பாறையில் மட்டும் பத்துப் பன்னிரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன.

“சித்தப்பா, இத வச்சது நான்.”

“தெரியும்லே. அன்னைக்கே ஒங் கையில சுண்ணாம்பு காயல.” விபூதித் தட்டை நகர்த்தினார். “வச்சது நீ. பொறவு வந்தது அவரு.”

“அப்பம் அவருட்டயே கேளுங்க, அவரு மீனு எங்கன்னு.”

சனம் குளிக்காமல் எப்படிக் கும்பிடும் என்றார். வெறும் தண்ணீரில் குளிக்கட்டும் என்றேன். ஊர் சுற்றி வந்தவன் ஊருக்குச் சட்டம் சொல்ல வேண்டாம் என்றார். இறங்கிவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா அடுப்புக்கு ஆள் கேட்டிருந்தார்கள். அந்த பஸ்ஸைப் பிடிக்கத்தான் இறங்கினேன். அடிவார வனத்துறைச் செக்போஸ்ட்டில், மலையேறுகிறவர்களின் பைகளில் ஷாம்பு, பிளாஸ்டிக் இருக்கிறதா என்று சோதிக்க ஆள் இல்லை என்று வாட்சர் புலம்பிக்கொண்டிருந்தார். நான் இருக்கிறேன் என்றேன். படிப்பு? ஆறாவது. பாதியில் ஓடிவிடுவாயா? ஓடுவேன், ஆடி முடிந்த பிறகு.

மறுநாள் காலை காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு தடுப்புக் கம்பைப் பிடித்து நின்றேன். முதல் பஸ்ஸில் சித்தப்பா வந்தார். அவர் பையில் எலுமிச்சம்பழமும் சூடமும், அவற்றுக்கு அடியில் ஐந்து சரம் ஷாம்புவும் இருந்தன.

“ஏலே, சாமிக்குப் போற பை இது.”

“சாமிக்கு எம்புட்டுத் தலை, சித்தப்பா?”

சரங்களை வாளியில் போட்டுவிட்டு, பையைக் கட்டிக் கொடுத்தேன். அவருக்குப் பின்னால் நின்றவர் தன் பையை நீட்டினார்.