நனைத்துப் பார்க்காத வெள்ளைக் கல்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் என்ன, கல் பொறுக்குவதில் என்னை ஏய்க்க ஆள் கிடையாது.

அது உலகச் சண்டைக் காலம். நகையில் பதிக்கிற சீமைக் கண்ணாடிக் கல் கப்பலில் வருவது நின்றுபோயிருந்தது. உள்ளூர்க் கூழாங்கல்லை வழவழவென்று உருட்டித் தந்தால் எடுத்துக்கொள்வதாக மயிலாப்பூரில் நாட்டிய நகை செய்கிற ஒருவர் சொன்னார். என் வீட்டுக்காரர் தியாகராய நகரில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். இரும்புப் பிசிறு தெறித்து அவருக்கு வலது கண் போய்விட்டது. மற்ற கண்ணுக்கும் ஒன்று வந்தால் அவ்வளவுதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து லேத் ஓடுகிற சத்தம் கேட்டாலே எனக்குப் பயம். கல் உருட்டும் வேலையில் அந்தப் பயம் இல்லை. இரும்புப் பீப்பாய்க்குள் கல்லும் தண்ணீரும் தேய்க்கிற குருந்தப் பொடியும் போட்டு, மூடியை முடுக்கி, அதே பட்டறை என்ஜின் பெல்ட்டில் மாட்டிவிட்டால் அதுபாட்டுக்குச் சுற்றும். அதை நம்பித்தான் இருந்தோம்.

அப்போது தெருவுக்குத் தெரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. மணலைச் சலித்து ஒதுக்கிய கூழாங்கல் குவியலில்தான் என் பொறுக்கல். ஒவ்வொன்றையும் வாளித் தண்ணீரில் நனைத்து வெயிலில் வைப்பேன். மேலெல்லாம் காய்ந்தும் ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றால் உள்ளே விரிசல், தூர எறி. செம்புறாங்கல் கரைந்து சேறாகிவிடும். குழி விழுந்த கல் பொடியை உள்ளே ஒளித்துவைத்துக்கொள்ளும். மெத்தென்ற கல்லைக் கெட்டிக் கல்லோடு போட்டால் கெட்டி அதைத் தின்றுவிடும்.

முதல் முறை போடுகிற அன்று நான் தேர்ந்த கல் பீப்பாயில் பாதிகூட வரவில்லை. குறைவாக இருந்தால் கல் புரளாது, விழுந்து விழுந்து உடையும்.

"போற வழியில ரெண்டு கை அள்ளிப் போட்டுக்கறேன்" என்றார் வீட்டுக்காரர்.

"நனைச்சுப் பாக்காம போடாதய்யா."

"கல்லுக்கு இன்னாமே, ஜாதகமா பாக்கணும்?"

சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் போய் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பொறுக்கப் போனேன். மணலுக்குப் பக்கத்தில், நேற்று இல்லாத ஒரு வெள்ளைக் குவியல். சித்தாள் ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தள்ளி நின்றாள்.

"கிட்ட வராதக்கா. சூளைலேர்ந்து இப்பத்தான் எறங்கிச்சி. தண்ணி பட்டா சீறும்."

சுட்ட சுண்ணாம்புக் கட்டி. எட்ட நின்று பார்த்தால் நான் பொறுக்குகிற வெள்ளை வெங்கச்சாங்கல் மாதிரியே இருந்தது.

"உன் ஊட்டுக்காரு கூட வெள்ளையா பாத்துப் பொறுக்கிகினு போனாரே. கூவிக் கூவிப் பாத்தேன், காதுலயே வாங்கல."

ஓடினேன். பட்டறை என்ஜின் அடுத்த தெரு வரைக்கும் கேட்கும். அன்று கேட்கவில்லை. பீப்பாயைத் திறக்கத்தான் நிறுத்தியிருப்பார்கள் என்று இன்னும் வேகமாக ஓடினேன்.

உள்ளே பீப்பாய் அசையாமல் கிடந்தது. மூடி உப்பியிருந்தது. அவர் குந்தி உட்கார்ந்து ஸ்பானரால் திருகிக்கொண்டிருந்தார். ஒற்றைக் கண் ஆனதிலிருந்து எதையும் முகத்தை ஒட்ட வைத்துத்தான் பார்ப்பார்.

"இன்னாடா இது, அடுப்பு மாதிரி சுடுது" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"யோவ், தொறக்காத!"

நான் நின்ற வாசல் அவருக்கு வலது பக்கம், பின்னால். வேறு யாராவது என்றால் ஓரக்கண்ணால் பார்த்திருப்பார்கள். இவர் தலையை முழுதாகத் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பினார். மூடி பறந்தது. வெந்த சுண்ணாம்புச் சேறு அவர் இடது காதிலும் கழுத்திலும் அடித்தது.

கண்ணைப் பொத்திக்கொண்டு சாய்ந்துவிட்டார். "எண்ண கொண்டாங்கடா, தண்ணி பட்டா இன்னும் வெந்துடும்" என்று ஒருவர் கத்தினார். நான் யாரையும் கேட்கவில்லை. அங்கிருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அவர் தலையில் ஊற்றினேன். அடுத்ததையும் ஊற்றினேன். கழுத்துத் தோல் தண்ணீரோடு வழிந்து வந்தது.

"கண்ணத் தொறய்யா."

"தொறந்து இருட்டா இருந்துச்சின்னா?"

தரையில் சிதறிய கல்லுக்கு நடுவே ஏதோ சீறிக்கொண்டே இருந்தது.

கையை எடுத்தார். மெள்ளத் திறந்தார். கண் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்திருந்தது. சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"எம்மே, அந்த வெள்ளக் கல்லுல இன்னும் பொக வருது பாரு" என்றார்.

ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.