எஸ்மி டீச்சர் எந்தக் குடி?

எஸ்மி டீச்சர் காலமான செய்தியை எனக்குச் சொன்னவள் மாலதி, என் தங்கை மகள். "பெரியம்மா, மிஸ் போயிட்டா" என்று விம்மி விம்மி அழுதாள். எனக்காக இவள் இப்படி அழுவாளா என்றுதான் முதலில் நினைத்தேன். அவரோடு படிப்பித்த நீங்கள் எல்லோரும் இந்த நினைவு மலரில் அவருடைய அருமைகளை எழுதுவீர்கள். நான் என் பொறாமையை எழுதுகிறேன்.

எங்கள் பாடசாலையில் நாங்கள் இருவரும்தான் உயிரியல் படிப்பித்தோம். மட்டக்களப்பில் குலத்தைக் குடி என்போம்; தாயின் குடிதான் பிள்ளையின் குடி. மரபணு என்ற சொல்லை நான் அதை வைத்தே விளக்கினேன். சோதனையில் என் வகுப்பு முழுவதும், மரபணு தாயிடமிருந்து மட்டும் வரும் என்று எழுதி வைத்தது. தாள் திருத்திய எஸ்மி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, நேரே என் வகுப்புக்கே வந்தார்.

"குடி ஒரு பக்கத்தால வாறது, புள்ளையள். மரபணு ரெண்டு பக்கத்தாலயும் வரும். தகப்பன்மாரும் சும்மா நிக்கல்ல."

பிறகு கதை தொடங்கினார். டென்மார்க் தாவரவியலாளர் ஒருவர் நீண்ட சொல்லொன்றைக் கத்தரித்து 'ஜீன்' ஆக்கினாராம். அதன் வேர் பிறப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாம். "அந்த மனிசன் ஜீனக் கண்டதே இல்ல. காணாத ஒண்டுக்குத்தான் பேர் வச்சவர்" என்றார். ஒருத்தி எழுந்து, "மிஸ், நீங்க எந்தக் குடி?" என்று கேட்டாள். எஸ்மி போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர். "எனக்குக் குடி இல்ல மகள், மரபணு மட்டும்தான் கிடக்கு" என்றார். வகுப்பே அவர் பக்கம் சாய்ந்தது. எங்கள் குடியை வைத்து என் வகுப்பிலேயே பெயர் எடுத்துக்கொண்டு போகிறாரே என்று எனக்கு வயிறு எரிந்தது.

சுனாமி என் தங்கையைக் கொண்டுபோனது. எஸ்மியின் ஒரே மகளையும் கொண்டுபோனது. மாலதியை என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ஒரே குடி, எனக்கும் அவள் மகள்தான். ஆனால் அவள் வாய் திறக்கவே இல்லை. ஒருநாள் எஸ்மி வந்தார், ஆறுதல் ஒன்றும் சொல்லாமல் அவள் பக்கத்தில் இருந்து அழுதார். மாலதியும் அழுதாள். பிறகு அவரைப் பார்த்து, "பசிக்குது" என்றாள். சோறு போட்டது நான், ஊட்டியது எஸ்மி.

யுத்தம் முடிந்த வருடம் மாலதி உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் எடுத்தாள். "என்னட்டயே படிக்கலாமே" என்றேன். "மிஸ்ஸிட்டப் படிக்கிறன்" என்றாள். நான் எஸ்மியிடம் சண்டைக்கே போனேன்.

"உங்களுக்குச் சொந்தமெண்டு ஒரு குடியே கிடக்கு. பின்னேரத்தில மட்டும் இவள எனக்கு விடுங்க கா" என்றார். சரி என்றுவிட்டு வீட்டுக்கு வந்து, அன்றைக்கு முழுக்கப் பாத்திரங்களோடு சண்டை பிடித்தேன்.

அடக்கத்தன்று தேவாலயத்தில் பாதிரியார், "குடும்பத்தார் முன்னுக்கு வாங்க" என்றார். எஸ்மியின் உறவுகள் பாதி கடலோடும் பாதி வெளிநாட்டோடும் போய்விட்டார்கள். ஒருவரும் அசையவில்லை. என் பக்கத்தில் இருந்த மாலதி எழுந்து போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

எஸ்மி எனக்கென்று விட்டுப்போனது இந்த எரிச்சல் ஒன்றுதான். அதையும் புதைத்துவிட்டால், அவருடையது என்று என்னிடம் எதுவும் இராது. வைத்துக்கொள்கிறேன்.