மாமனாரின் ரிசீவரும் மொச்சை அளவு மூடியும்

மொச்சைக் கொட்டை அளவுதான் இருக்கும் அந்தக் கறுப்பு ரப்பர் மூடி. போன வாரம் அது என் உள்ளங்கையில் விழுந்தபோது, ஒரு குடும்பத்தில் பல வருடம் என்னை முட்டாளாக உட்கார வைத்த பொருள் இவ்வளவுதானா என்று கேவலமாக இருந்தது.

என் மாமனார் எந்தப் புதுப் பொருளின் உறையையும் கழட்ட விட்டதில்லை. இரும்புலியூர் வீட்டு சோபா பிளாஸ்டிக் உறையோடுதான் இருந்தது. உட்கார்ந்து எழுந்தால் வேட்டி ஒட்டிக்கொண்டு வரும். டிவி ரிமோட் பாலிதீன் பைக்குள். அப்படிப்பட்டவர் ஒரு டிஜிட்டல் ஆடியோ ரிசீவர் வாங்கினார், தான் பாட்டுக் கேட்க அல்ல, பக்கத்து வீட்டுக்காரருக்குக் காட்ட. கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டெல்லாம் அதில் வர வேண்டும், அதுவும் ஆப்டிகல் கேபிள் வழியாக. சத்தத்தை வெளிச்சமாக மாற்றி அனுப்பும் ஒயர் அது. ஜி.எஸ்.டி. ரோட்டு லாரிச் சத்தத்தில் பாதிப் பாட்டு காதில் விழாத வீட்டுக்கு அவ்வளவு சுத்தம் தேவைப்பட்டது. சாதா சிவப்பு வெள்ளை ஒயரில் கொடுக்கலாமே என்றேன். "அதெல்லாம் டீக்கடைக்கு, மாப்பிள்ளை" என்றார்.

கல்யாணமான புதிது. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்ற ஒரே தகுதியில் எனக்குப் பெண் கொடுத்திருந்தார்கள். அன்று அந்தத் தகுதிக்குப் பரீட்சை. ரிசீவரைத் தொட எனக்கு அனுமதி இல்லை. கேபிளின் அந்தப் பக்கத்து முனையை அவரே செருகினார். முரண்டு பிடித்தது, பல்லைக் கடித்துத் திணித்தார். கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டில் செருக வேண்டிய முனையின் மூடியை நான் கழட்டியபோது, "புதுசுல்ல? தூசி போகும். அதை ஏன் பிடுங்கறீங்க?" என்று மூடியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மேதாவியான எனக்கு அப்போதுகூடப் பொறி தட்டவில்லை.

சத்தம் வரவில்லை. சவுண்ட் கார்டின் டிரைவர் மென்பொருளை அழித்துத் திரும்பப் போட்டேன். விண்டோஸையே புதிதாக ஏற்றினேன். அதில் அவர் சேர்த்து வைத்திருந்த பாட்டில் பாதி போனதுதான் மிச்சம். பக்கத்து வீட்டுக்காரர் காபியை உறிஞ்சியபடி, "இன்னா சார், பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணிப் பாக்கலையா?" என்றார். மாமனார் என் பக்கம் திரும்பாமலே, "கம்ப்யூட்டர் கம்பெனின்னாங்க. கேன்டீன்லயான்னு கேக்காம விட்டுட்டேன்" என்றார். என் மனைவியும் சிரித்துவிட்டாள். அதுதான் வலித்தது.

கடைசியில் அந்த ரிசீவர் டீக்கடை ஒயரிலேயே பாடியது. ஆப்டிகல் கேபிள் மட்டும், மாப்பிள்ளையின் லட்சணத்துக்குச் சாட்சியாக, அவர் காலமாகும் வரை பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

போன வாரம் ரிசீவரை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, அவர் செருகிய முனையைப் பிடுங்கினேன். வெளிச்சம் போகாமல் அடைத்துக்கொண்டிருந்த மூடி கையோடு வந்தது. மூடியில்லாமல் செருகினேன், பாட்டு வந்தது. சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "வந்துடுச்சா? அப்பா இருந்திருந்தா இப்பவாவது உங்களை ஒத்துக்கிட்டிருப்பாரு."

"எங்க? மூடியைக் கழட்டிட்டேன்னு திட்டியிருப்பாரு."

அந்தச் சனியனைத் தூக்கி எறியக் கையை ஓங்கினேன். பார்த்தால் புத்தம் புதுசாக இருந்தது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.